ரெண்டடி டேங்க்ல நம்ம ஊர் மீன்: பஞ்சாக்ஸா, குரோமைடா, கெண்டையா?

கோயம்புத்தூர்ல இருக்குற சித்தப்பா பையன் போன மாசம் போன் பண்ணான். "அண்ணா, கப்பி வளத்து வளத்து சலிச்சுப் போச்சு, ரெண்டடி டேங்க் ஒண்ணு காலியா கிடக்கு, நம்ம ஊர் மீன் ஏதாச்சும் வாங்கி குஞ்சு எடுக்கணும், எதுன்னு சொல்லு"ன்னான். ஒரு பேர் சொல்லிட்டு போன வச்சிருக்கலாம்தான், ஆனா மனசு வரல. ஏழெட்டு வருஷம் முன்னாடி நானும் இதே கேள்விய ஒரு கடையில கேட்டேன், அவங்க காட்டுனதுல பாக்க நல்லாருந்த கெண்டைய வாங்கிட்டு வந்தேன், அது ஒரு மாசத்துல முட்டையும் போட்டுச்சு, முட்டையும் பொரிச்சுச்சு, கண்ணாடியில ஊசி ஊசியா நூறு குஞ்சு தொங்குறத டார்ச் அடிச்சு ராத்திரி பன்னெண்டு மணிக்கு வீட்ல எல்லாரையும் எழுப்பிக் காட்டுனேன், ஆறாவது நாள் ஒண்ணு கூட இல்ல. பசியில போச்சுங்க எல்லாம். அந்த வயித்துக்கு எத குடுக்குறதுன்னே எனக்கு அப்ப தெரியாது.

அதனால அவன்கிட்ட ரெண்டு நாள் டைம் கேட்டு, எனக்குத் தெரிஞ்சத எல்லாம் எழுதி அனுப்புனேன். அதத்தான் இங்க இன்னும் கொஞ்சம் விரிவா எழுதுறேன், இதே கேள்வியோட வேற யாராச்சும் இருப்பீங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். நல்லா சாப்பாடு போட்டு தண்ணிய சுத்தமா வச்சிருந்தா முட்டை அதுபாட்டுக்கு வரும். குஞ்சு நீந்த ஆரம்பிச்சதுல இருந்து ஒரு பத்து நாள் அத யாரு பாத்துக்குவா, என்ன திங்கும், அந்த நேரத்துல நீங்க வீட்ல இருப்பீங்களா, இத வச்சுத்தான் மீன தேர்ந்தெடுக்கணும். கலர் பாத்து தேர்ந்தெடுத்தா எனக்கு ஆன மாதிரிதான் ஆகும்.

நான் யோசிச்சுப் பாத்தது அஞ்சு வகை. பஞ்சாக்ஸ், ஆரஞ்சு குரோமைட், மெலன் பார்ப்னு சொல்ற சின்ன கெண்டை, வால் நடுவுல கூரா நீளுற பாரடைஸ் மீன், அப்புறம் எல்லாரும் ஆசைப்படுற மிஸ் கேரளா. இதுல எதுவும் கப்பி மாதிரி குட்டி போடாது, அஞ்சுமே முட்டைதான், ஆனா முட்டை போட்ட பிறகு ஒவ்வொண்ணும் நடந்துக்குற விதம் ராத்திரி பகல் மாதிரி வேற வேற.

மிஸ் கேரளாவ முதல்லயே எடுத்து ஓரமா வச்சுடலாம். செவப்புக் கோடு, கறுப்புக் கோடு, வால்ல மஞ்சளும் கறுப்பும், அழகுல அத அடிச்சுக்க ஆளில்லதான். 1865ல மீன் ஆராய்ச்சியாளர் பிரான்சிஸ் டே இத முதன்முதலா விவரிச்சப்போ மெட்ராஸ் கவர்னரா இருந்த வில்லியம் டெனிசன் பேர வச்சாரு, அதான் டெனிசன் பார்ப்னு சொல்றாங்க. ஆனா அது 15 சென்டிமீட்டர் வரைக்கும் வளரும், ஆறேழு சேந்து ஓடணும், ஓடுற தண்ணி மீன், நாலடி டேங்குக்கு கீழ அத வைக்கிறது பாவம். பண்ணைகள்ல ஹார்மோன் ஊசி போட்டுத்தான் குஞ்சு எடுக்குறாங்க, வீட்ல நாம செய்யற காரியம் இல்ல அது. ஆத்துல பிடிச்சுப் பிடிச்சே அழியுற நிலைக்கு வந்துடுச்சு, 2022ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்த திருத்துனப்ப பட்டியல்லயும் சேத்துட்டாங்க. தாமிரபரணி பேர்லயே ஒரு கெண்டை இருக்கு, சைலஸ் 1954ல அந்த ஆத்துல இருந்து விவரிச்சது, ஆண் மீனுக்கு முதுகுத் துடுப்புல நூல் நூலா நீளும், எனக்கு உயிர். ஆனா அதுக்கும் இதே பதில்தான், ரெண்டடி பத்தாது, ஆத்துல இருக்குற கொஞ்சத்த நாம போய் அள்ளவும் கூடாது.

மிச்சம் நாலு. மீனுக்கு முன்னாடி தண்ணிய பாத்துடுவோம், நிறைய பேர் இத விட்டுடுறாங்க. நான் இருக்குறது சென்னையில, எங்க தெருவுல போர் தண்ணி, பக்கெட்ல வெள்ளையா உப்புப் படியும். தம்பி வீட்ல குழாயில வர்றது சிறுவாணி, அவ்ளோ மெதுவான தண்ணி, அதாவது உப்பு ரொம்ப கம்மி, சோப்பு போட்டா நுரை போகவே போகாது. மொட்டை மாடி டேங்க்ல போர் தண்ணியும் இருக்கு அவனுக்கு. பெரிய மீன் ரெண்டு தண்ணியிலயும் பொழைச்சுக்கும், முட்டைதான் வித்தியாசம் காட்டும். மலையோரத்து ஓடையில இருக்குற கெண்டையோட முட்டை மெதுவான தண்ணியில நல்லா பொரிக்கும், கழிமுகத்துல இருக்குற குரோமைடுக்கு உப்புக் கலந்த கடினத் தண்ணிதான் சௌகரியம், பஞ்சாக்ஸ் ரெண்டுக்கும் சரின்னு சொல்லிடும். குழாய்த் தண்ணின்னா குளோரின் போக ஒரு நாள் திறந்து வச்சிட்டு ஊத்துங்க, இத எத்தன தரம் சொன்னாலும் தகும்.

பஞ்சாக்ஸ நீங்க கட்டாயம் பாத்திருப்பீங்க, பேர் தெரியாம இருந்திருக்கும். கோயில் குளத்துப் படியில உக்காந்தா தண்ணி மேல்பரப்புல ஒட்டுன மாதிரி அசையாம நிக்கும், நெத்தியில வெள்ளியில பொட்டு வச்ச மாதிரி ஒரு புள்ளி மின்னும், அதான். வயல் வாய்க்கால்லயும் உண்டு, அல்லி பூத்த குட்டையிலயும் உண்டு. கோடு போட்ட பெரிய வகை 10 சென்டிமீட்டர் வரைக்கும் வரும், அதோட வாய் பெருசு, சின்ன மீன் எதையும் கூட விட முடியாது. சின்ன வகை அதுல பாதிதான். ரெண்டடி டேங்குக்கு பெருசுன்னா ஒரு ஆண் ரெண்டு மூணு பெண், சின்னதுன்னா ரெண்டு ஆண் நாலு பெண் வச்சுக்கலாம்.

இது கெண்டை மாதிரி ஒரே நாள்ல மொத்தமா கொட்டாது. தினம் ரெண்டு, நாலு, சில நாள் பத்துன்னு வாரக்கணக்கா போட்டுட்டே இருக்கும், செடியோட நுனியில ஒட்டி வைக்கும். செடி இல்லனா கம்பளி நூல, அதுவும் சாயம் போகாத பச்சை நூலா பாத்து, ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி கொத்தா கட்டி தெர்மகோல் துண்டுல தொங்க விட்டுடுங்க, அது செடின்னு நெனச்சு அதுலயே போட்டுடும். முட்டை கடுகு அளவு இருக்கும், கண்ணாடி மாதிரி தெளிவா, விரலால எடுத்தாலும் உடையாது. முதல் தடவ எடுக்குறப்ப பயமா இருக்கும், அப்புறம் காலையில காபி குடிச்சிட்டே எடுக்குற அளவுக்கு பழகிடும். எடுத்து டீ கிளாஸ்ல அதே டேங்க் தண்ணிய ஊத்தி பூஞ்சை புடிக்காம இருக்க ஒரு சொட்டு மெத்திலீன் ப்ளூ மருந்து விட்டு நிழல்ல வச்சுடணும், வெள்ளையாப் போன முட்டைய அப்பப்ப எடுத்துடணும். அவ்வளவுதான் வேலை.

பொரிக்க 12ல இருந்து 14 நாள் ஆகும். பல பேர் இத குறையா சொல்றாங்க, எனக்கு இதுதான் இந்த மீனோட பெரிய வரம். அந்த ரெண்டு வாரத்துல நீங்க பொங்கலுக்கு ஊருக்குப் போய்ட்டு வரலாம், முட்டைக்கு சாப்பாடு வேணாம், ஏர் பம்ப் வேணாம், கரண்ட் போனா கவலை இல்ல. உள்ளுக்குள்ள குஞ்சு உருவாகுறத, கண்ணு ரெண்டும் தெரியுறத, வால் சுருட்டிப் படுத்திருக்குறத லென்ஸ் வச்சு தினம் பாக்கலாம். எங்க வீட்டுப் பொண்ணு மூணாவது படிக்கிறப்ப இந்த கிளாஸ பாத்துட்டுத்தான் ஸ்கூலுக்குக் கிளம்புவா. அவ்ளோ நாள் உள்ளயே வளந்து வர்றதால குஞ்சு வெளிய வர்றப்பவே தெம்பா வரும், அன்னைக்கே மேல்தண்ணிக்கு வந்து இரை தேடும், ஆர்டீமியான்னு உப்புத் தண்ணியில பொரிக்கிற பொடி இறால் மாதிரி ஒரு உயிர் இரை இருக்கு, அதோட குஞ்ச முதல் நாளே புடிச்சுத் திங்கும். சின்ன வகைன்னா மட்டும் முதல் ரெண்டு மூணு நாள் இன்னும் பொடியா ஏதாச்சும் குடுக்கணும். ஆர்டீமியா பயப்படுற விஷயம் இல்ல, ஒரு லிட்டர் பாட்டில்ல 25, 30 கிராம் கல்லுப்பு கரைச்சு கால் ஸ்பூன் முட்டைய போட்டு ஏர் ட்யூப் விட்டா நம்ம ஊர் வெயிலுக்கு ஒண்ணு ஒன்றரை நாள்ல பொரிச்சுடும்.

குறை ரெண்டு இருக்கு. ஒண்ணு, தாவும், அதுவும் எப்படித் தாவும்னா மூடியில ஏர் ட்யூப் போக விட்ட ஓட்டை வழியா தாவும். என்னோட முதல் ஆண் மீன அப்படித்தான் தரையில காஞ்சு கிடந்து எடுத்தேன், அன்னைல இருந்து ஓட்டையில பஞ்சு அடைச்சிடுறேன். ரெண்டாவது, தினம் பொரிக்கிறதால குஞ்சு எல்லாம் ஒரே சைஸ்ல இருக்காது, பத்து நாள் மூத்தது இளையதத் தின்னுடும். வாரத்துக்கு ஒரு டப்பான்னு பிரிச்சு வச்சுட்டா சரியாப் போச்சு, ஆனா டப்பா சேந்துட்டே போகும், பால்கனியில எடம் வேணும்.

இன்னொன்னும் இந்த மீன பத்தி சொல்லணும்னு மனசுல இருக்கு. கொசுப்புழு திங்கிறதுக்குன்னு 1928லயே வெளிநாட்டுல இருந்து கம்பூசியாங்குற மீன கொண்டு வந்து விட்டாங்க, இன்னைக்கும் கிணத்துலயும் தொட்டியிலயும் கம்பூசியாவும் கப்பியும்தான் விடுறாங்க. அதே கொசுப்புழுவ வெரட்டி வெரட்டித் திங்கிற மீன் நம்ம வாய்க்கால்ல காலம் காலமா இருக்கு, அதுக்கு ஒரு பேர் கூட நம்மள்ல பாதி பேருக்குத் தெரியாதுங்குறது எனக்கு உண்மையிலயே வருத்தம்.

அடுத்து ஆரஞ்சு குரோமைட். கேரளால பல்லத்திம்பாங்க, கரிமீனோட சின்னத் தம்பி. மொத்த தெற்காசியாவுலயும் சிச்லிட் குடும்பத்துல பூர்வீகமா இருக்குறது மூணே மூணு, கரிமீன், கர்நாடகாவுல ஒண்ணு, அப்புறம் இது, அதுகளோட நெருங்கின சொந்தம் இருக்குறது மடகாஸ்கர்ல. நாம ஜிலேபின்னு சொல்ற திலாப்பியாவும் சிச்லிட்தான், ஆனா அது 1952ல கொண்டு வந்து விட்டது, குளம் குளமா பரவி நிக்குது, அத இதோட குழப்பிக்காதீங்க. பழவேற்காடு பக்கம் போனா வலையில குரோமைட் விழுறத பாக்கலாம். 8 சென்டிமீட்டர்தான் வளரும், தேன் மாதிரி மஞ்சள், ஒடம்புல சின்னச் சின்னதா செம்புள்ளி, பக்கத்துல ஒரு கறுப்புப் பொட்டு. கடையில பளீர்னு ஆரஞ்சுல இருக்குறது தேர்ந்தெடுத்து வளத்து வந்த வகை, ரெண்டும் ஒரே மீன்தான்.

இத ஏன் நான் இவ்ளோ ஆசையா சொல்றேன்னா, அம்மாவும் அப்பாவும் சேந்து பிள்ளை வளக்குற மீன் இது. ஓட்டுத் துண்டோ பூந்தொட்டியோ ஒண்ண உள்ள வச்சா ரெண்டும் சேந்து அத வாயால தேச்சுத் தேச்சு சுத்தம் பண்ணும், 200, 300 முட்டை வரிசையா ஒட்டும், மாத்தி மாத்தி துடுப்பால விசிறிட்டே நிக்கும். மூணு நாலு நாள்ல பொரிச்சதும் குஞ்ச வாயில கவ்வி மணல்ல தோண்டி வச்ச குழிக்கு மாத்தும், அப்புறம் இன்னொரு குழிக்கு, எதுக்குன்னே தெரியாது, மாத்திட்டே இருக்கும். இன்னும் நாலஞ்சு நாள்ல குஞ்சு எல்லாம் மேகம் மாதிரி எழும்பி நீந்தும், நீந்தி நேரா அம்மா அப்பா ஒடம்புலதான் போய் ஒட்டும், அதுங்க மேல சுரக்குற சளிய கொத்தித் திங்கும். தாய்ப்பால் மாதிரின்னு வச்சுக்கோங்களேன். முதல் தரம் அத பாத்தப்ப நான் ஒரு மணி நேரம் அந்த இடத்த விட்டு எந்திரிக்கல.

அப்ப முதல் பத்து நாள் பிரச்சனை இங்க பாதி தீந்துடுச்சு, காவலுக்கும் ஆள் இருக்கு, சாப்பாடும் கொஞ்சம் இருக்கு. சளி மட்டும் பத்தாது, ஆர்டீமியா போட்டே ஆகணும், போடலன்னா 200 குஞ்சும் கொத்திக் கொத்தி பெரிய மீனே நோஞ்சானா ஆயிடும், ஆனா நீங்க ஒரு வேளை லேட்டா வந்தா எல்லாம் செத்துடாது. அந்த நிம்மதி பெரிய விஷயம்.

ஆனா பொறுமை வேணும். ஆண் பெண் பாத்து சொல்றது கஷ்டம், கடைக்காரர் "இது ஜோடி சார்"னு ரெண்ட எடுத்துக் குடுத்தா நம்பாதீங்க. சின்னதா ஆறு வாங்கி ஒண்ணா வளத்து, அதுங்களே ஜோடி சேந்த பிறகு மத்தத வேற எடத்துக்கு மாத்துறதுதான் ஒரே வழி. அதுக்கு எட்டு பத்து மாசம் ஆகும். சேந்த ஜோடி முதல் ரெண்டு மூணு தடவ முட்டையத் தின்னும், என்னோட ஜோடி நாலு தடவ தின்னுச்சு, அஞ்சாவது தடவதான் வளத்துச்சு. டேங்க்கிட்ட அடிக்கடி போய் எட்டிப் பாத்தா, மீன் வலைய விட்டு கலக்குனா, பயத்துலயே தின்னுடும், ஒரு பக்கம் பேப்பர் ஒட்டி விடுறது நல்லது. முட்டை இருக்குறப்ப வேற எந்த மீனையும் பக்கத்துல விடாது, அதனால ரெண்டடின்னா ஒரே ஒரு ஜோடி, வேற யாரும் கூடாது. மெதுவான தண்ணின்னா முட்டையில பூஞ்சை புடிக்கும், சிப்பி ஓட்ட ஃபில்டர்ல போடலாம், இல்ல பத்து லிட்டருக்கு ரெண்டு ஸ்பூன் கல்லுப்பு கரைச்சு மெல்ல மெல்ல பழக்கலாம், எங்க போர் தண்ணியில எனக்கு அதுவும் தேவைப்படல.

கெண்டைக்கு வருவோம். ரெண்டடியில அடங்குற கெண்டைன்னு பாத்தா மெலன் பார்ப், மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைங்கள்ல இருக்குறது, செவப்பேறுன உடம்புல கறுப்புப் பட்டை, ஆண் மீனுக்கு கலர் ஏறுறப்ப கருஞ்செவப்பா நிக்கும். இந்தக் கூட்டத்துக்கு 2012ல ஆராய்ச்சியாளருங்க 'திராவிடியா'ன்னு ஒரு பேரினப் பேர் வச்சாங்க, கேக்க எவ்ளோ நல்லாருக்கு பாருங்க, ஆனா அந்தப் பேர ஏற்கெனவே ஒரு ஈ வகைக்கு வச்சிருந்ததால மறு வருஷமே மாத்த வேண்டியதாப் போச்சு. மாத்தி வச்ச பேர் 'ஹாலுதாரியா', 1822ல வந்த கங்கை மீன்கள் பத்தின ஹாமில்டனோட புத்தகத்துக்கு படம் வரஞ்ச ஹாலுதார்ங்குற வங்காளி இளைஞர் பேர்ல. பேர் தெரியாமப் போயிருக்க வேண்டிய ஒரு ஓவியருக்கு இப்ப மீன் பேர்ல இடம் கிடைச்சிருக்கு.

பிரீடிங் முறை எல்லா சின்ன கெண்டைக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான். ஆண் பெண்ண ஒரு வாரம் பிரிச்சு வச்சு கொசுப்புழு, மொய்னான்னு நல்லா உயிர் இரை குடுத்து, பெண்ணு வயிறு உருண்டதும் சாயங்காலமா தனி டேங்க்ல விடணும், அடியில கோலிக்குண்டு பரப்பி, ஒரு கொத்து வேலம்பாசி போட்டு. காலையில வெளிச்சம் பட்டதும் தொரத்தித் தொரத்தி முட்டைய இறைக்கும், இறைச்ச கையோட திரும்பி வந்து அதையே பொறுக்கித் திங்கும், கோலிக்குண்டு எதுக்குன்னா அந்த இடுக்குல விழுந்தது தப்பிக்கட்டும்னு. மதியத்துக்குள்ள பெருசுங்கள வெளிய எடுத்துடணும். ஒண்ணு ஒன்றரை நாள்ல பொரிக்கும், அடுத்த ரெண்டு மூணு நாள் கண்ணாடியில தொங்கிட்டு இருக்கும், அப்புறம் நீந்தும். நான் தோத்தது இங்கதான். அதோட வாய்க்கு ஆர்டீமியாவே பெருசு, கண்ணுக்குத் தெரியாத இன்ஃபுசோரியாங்குற நுண்ணுயிருங்கதான் வேணும், அத மீன் முட்டை போட்ட பிறகு தயார் பண்ண முடியாது, ஒரு வாரம் முன்னாடியே வாழைப்பழத் தோலையோ முட்டைக்கோஸ் இலையையோ பழைய டேங்க் தண்ணியில ஊறப் போட்டு, முதல்ல வெள்ளையா கலங்கி நாறி, அப்புறம் தெளிஞ்சு வர்ற வரைக்கும் காத்திருக்கணும். அந்தத் தெளிஞ்ச தண்ணிய ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவ கொஞ்சம் கொஞ்சமா விடணும், நாலஞ்சு நாளைக்கு. அதிகமா ஊத்துனா தண்ணி கெட்டுடும், மறந்தா பசியில போயிடும். வீட்ல பகல்ல யாராச்சும் இருந்து செஞ்சா நல்லா வரும், ஒரே தடவையில அம்பது அறுபது மீன் கைக்கு வரும். ரெண்டு டேங்க் கட்டாயம், அத மறந்துடாதீங்க.

கடைசியா அந்த கூர்வால் பாரடைஸ். பாண்டிச்சேரி பக்கத்துல ஓடுற அரியாங்குப்பம் ஆத்துல பிடிச்சத வச்சு 1831ல பிரெஞ்சு விஞ்ஞானி குவியே விவரிச்ச மீன், அறிவியல் பேர்ல இருக்குற 'குபானஸ்' அந்த ஊர்ப் பேர்தான். நெல் வயல்லயும் சாக்கடை ஓரக் குட்டையிலயும் கூட வாழும், பனையேறிக் கெண்டை மாதிரியே காத்த நேரா வந்து குடிக்கும், அதனால பம்ப் இல்லாமலே ஒரு பழைய பெயிண்ட் பக்கெட்ல காலம் தள்ளிடும். மணிக்கணக்கா கரண்ட் போற ஊர்னா இத யோசிங்க. சும்மா பாத்தா பழுப்பு கலர்ல சாதாரணமா தெரியும், ஆனா முட்டைக்கு வர்றப்ப பெண் மீன் கறுகறுன்னு ஆகும், ஆண் மீன் ஒரு இலைக்கு அடியிலயோ கவுத்து வச்ச சட்டிக்குள்ளயோ நுரையில கூடு கட்டும், முட்டை கீழ விழுந்தா வாயில எடுத்து திரும்ப கூட்டுல வைக்கும். நாட்டு வாதாம் எலை ஒண்ணு காயப் போட்டு உள்ள போட்டா சந்தோஷமா இருக்கும். பிரச்சனை குஞ்சுதான், கெண்டைக் குஞ்ச விட பொடி, இன்ஃபுசோரியா இன்னும் அதிக நாள் வேணும். இலையும் பாசியும் நிறைஞ்ச பழைய பக்கெட்டா இருந்தா அதுலயே இயற்கையா இருக்குற பூச்சிகளத் தின்னு பத்து பதினஞ்சு தானா தேறிடும், நான் அப்படி விட்டுத்தான் வளத்தேன். எண்ணி வளக்கணும்னு நெனக்கிறவங்களுக்கு இது செட்டாகாது.

இப்ப ஒண்ணோட ஒண்ணு வச்சுப் பாப்போம். காலையில ஒரு கால் மணி நேரம், ராத்திரி ஒரு கால் மணி நேரம், இதுக்கு மேல நேரம் இல்லாதவங்களுக்கு பஞ்சாக்ஸ்தான், யோசிக்கவே வேணாம். பத்து மாசம் காத்திருக்க மனசும், ஒரு டேங்க்க ஒரே ஜோடிக்கு எழுதி வைக்க எடமும் இருந்தா குரோமைட், பாக்குறதுல கிடைக்கிற நிறைவு அதுல இருக்குற மாதிரி வேற எதுலயும் எனக்குக் கிடைக்கல. மெதுவான தண்ணி, ரெண்டாவது டேங்க், பகல்ல வீட்ல ஆள், மூணும் இருந்தா மெலன் பார்ப். செலவுன்னு பாத்தா நாலும் பெரிய வித்தியாசம் இல்ல, காசு போறது ஆர்டீமியா டப்பாவுக்குத்தான், அத ஃப்ரிட்ஜ்ல வச்சா ரொம்ப நாள் வரும். வித்துக் காசு பாக்கணும்னு நெனச்சா குரோமைட் குஞ்ச கடையில வாங்கிக்குவாங்க, கொளத்தூர் மாதிரி பெரிய மார்க்கெட்ல கூட பஞ்சாக்ஸக் கேட்டு வர்றவங்க குறைவு, தெரிஞ்சவங்களுக்குக் குடுத்துத்தான் தீக்கணும். அதுக்காக இதுல எறங்காதீங்க. கொசுப்புழு உயிர் இரையா புடிக்கிறவங்க பக்கெட்ட தினம் வடிகட்டணும், ரெண்டு நாள் விட்டா நாமளே தெருவுக்கு டெங்கு கொசு வளத்து விட்ட மாதிரி ஆயிடும்.

மீன் எங்க எடுக்குறதுன்னு கேப்பீங்க. குரோமைடும் மெலன் பார்ப்பும் பண்ணையில வளத்தது கடையில கிடைக்கும், கேட்டு வாங்குங்க. பஞ்சாக்ஸும் கூர்வாலும் வாய்க்கால்ல கைவலை போட்டா வரும், ஆனா காட்டுக்குள்ள, சரணாலயத்துக்குள்ள கை வைக்கவே கூடாது, ஆறு எட்டு மேல எடுக்காதீங்க, மருந்தடிச்ச வயல்ல எடுக்காதீங்க. கொண்டு வந்ததும் ரெண்டு வாரம் தனியா வச்சுப் பாருங்க. ரொம்ப முக்கியம், வளத்த குஞ்சு அதிகமாயிடுச்சுன்னு ஏரியில கொண்டு போய் விடாதீங்க, நம்ம ஊர் மீன்தானேன்னு நெனைக்கலாம், ஒரு ஆத்து மீன இன்னொரு ஆத்துல விட்டாலும் நோயும் போகும், அங்க இருக்குற வகையோட கலந்தும் போகும். டேங்க்ல வளத்த சக்கர் மீன யாரோ எங்கயோ விட்டதுதான் இன்னைக்கு சென்னை ஏரிங்கள்ல வலையக் கிழிச்சுக்கிட்டு கிடக்கு.

இதெல்லாம் படிச்சிட்டு தம்பி குரோமைட்தான் வேணும்னான், குஞ்சு ஒடம்புல ஒட்டித் திங்கிறத சொன்னதுல விழுந்துட்டான். சிறுவாணித் தண்ணிக்கு மெலன் பார்ப்தான் பொருத்தம்னு எனக்குத் தோணுச்சு, ஆனா அவன் காலையில எட்டு மணிக்குப் போனா ராத்திரி ஒம்பதுக்குத்தான் வர்றான், வீட்ல வேற ஆள் இல்ல, இன்ஃபுசோரியாவ யாரு ஊத்துறது. அதனால ரெண்டும் கலந்து ஒரு முடிவுக்கு வந்தோம். ரெண்டடி டேங்க்ல மாடி போர் தண்ணிய ஊத்தி சின்ன குரோமைட் ஆறு விட்டாச்சு, அது ஜோடி சேர எப்படியும் அடுத்த வருஷம் ஆயிடும். அதுவரைக்கும் சும்மா இருக்க வேணாம்னு பால்கனியில மூடி போட்ட டப்புல கோடு போட்ட பஞ்சாக்ஸ் ஒரு ஆண் ரெண்டு பெண். ஆர்டீமியா பொரிக்க வைக்கிறது, முட்டை பொறுக்குறது, குஞ்சுக்கு தண்ணி மாத்துறது எல்லாத்தையும் இதுல பழகிட்டான்னா குரோமைட் முட்டை போடுறப்ப தடுமாற மாட்டான்.

நேத்து ராத்திரி போட்டோ அனுப்பியிருந்தான். டீ கிளாஸ்ல 11 முட்டை, அதுல ரெண்டு வெள்ளையாப் போச்சு, எடுத்துடச் சொல்லிருக்கேன். மிச்சம் ஒம்பதுல நாலுல கண்ணு தெரியுது.